ஓருயிர் குறைந்த பெயர்

பண்டைத் தமிழகத்தின் பெருவழிகளில் நடந்தவர் யாவர் என வினவின், வணிகரும் படைவீரரும் மட்டும் விடையாக மாட்டார். பாணரும் பொருநரும் கூத்தரும் விறலியரும் கால் நோக நடந்த வழிகள் அவை. அத்தகைய வழி ஒன்றன் ஊடே தகடூருக்கு வந்து சேர்ந்தவர் ஔவையார். அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் நட்புரிமையோடு வீற்றிருந்தவரும், அவன்பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவரும் அவரே. சங்கத் தொகை நூல்களில் 59 பாடல்கள் அவர் பெயரால் வழங்குகின்றன. ஆயினும், சங்கப் பெண்பாற் புலவர் மொத்தம் எத்துணையர் என்னும் வினாவுக்கு ஆய்வாளர் அனைவரும் ஒரே விடை கூறுவதில்லை. பெயரை மட்டும் கொண்டு சிலர் ஆணா பெண்ணா எனத் துணிய இயலாமையே இதற்குக் காரணம். பாடல் நிலைத்தது; பாடியவரின் பால் ஐயத்திற்கு உரியதாயிற்று.

பட்டியலில் ஒரு பெயர் எவ்வாறு எழுதப்படுகிறது என்பது சிறு செய்தியன்று. பெயரின் ஈறு ஒன்றே ஒருவர்க்கு வரலாற்றில் உரிய இடத்தை மறைத்துவிடவும் கூடும். இதற்கு இருபதாம் நூற்றாண்டின் இத்தாலியிலிருந்து ஒரு சான்று காட்டலாம். அச்சான்றுக்கு உரியவர் கவிஞர் அல்லர். மிதிவண்டிப் பந்தய வீராங்கனை. அல்போன்சினா ஸ்டிராடா என்பது அவர் பெயர். ஆண்களுக்கே உரியதாயிருந்த இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தில் 1924ஆம் ஆண்டு பங்கேற்ற ஒரே பெண் அவர். அவருக்கு முன்னும் பின்னும் வேறொரு பெண் அப்பந்தயத்தில் ஓடியதில்லை.

உழவர் குடியில் ஒரு வண்டி

வட இத்தாலியில் மொடேனா நகருக்கு அண்மையில் உள்ளது கேஸ்டல்பிராங்கோ எமிலியா. அவ்வூர்ப் பகுதியில் 1891 மார்ச் 16ஆம் நாள், கூலி வேலை செய்து வாழ்ந்த உழவர் குடும்பம் ஒன்றில் அல்போன்சினா மொரீனி பிறந்தார். உடன்பிறந்தோர் பலர், உணவோ அரிது. பின்னர் அக்குடும்பம் பொலோனா நகருக்கு அண்மையில் குடியேறியது. அவருக்குப் பத்து வயது நிரம்பியபோது தந்தை பழைய மிதிவண்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்தார். கோழிகளைக் கொடுத்து ஊர் மருத்துவரிடம் அதை அவர் மாற்றாகப் பெற்றார் என்று கூறுவர். வேலைக்குச் சென்று வருவதற்காகத் தந்தை வாங்கிய வண்டியில் மகள் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

நம் ஊர்ச் சிறுவர் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டதை எண்ணிப் பார்த்தால் இக்காட்சி நமக்கு அயலாகத் தோன்றாது. ஆனால் அது 1901ஆம் ஆண்டு; வண்டியில் இருந்தவளோ ஒரு சிறுமி. பெண் மிதிவண்டி ஓட்டினால் உடல்நலம் கெடும் என்று மருத்துவருள் சிலரும், ஒழுக்கம் கெடும் என்று ஊர்ப் பெரியவர்களும் நம்பிய காலம் அது. பாவாடை பறக்க ஊர்ச்சாலையில் விரைந்த அவரைக் கண்டவர்கள் ‘பாவாடை கட்டிய பிசாசு’ எனப் பட்டப்பெயர் இட்டனர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் பந்தயங்களுக்குச் சென்றார் என்றும், முதல் பந்தயத்தில் பரிசாகப் பெற்றது ஒரு பன்றி என்றும் வாழ்க்கை வரலாற்றில் கூறப்படுகிறது. வறிய உழவர் வீட்டில் பரிசுக் கோப்பையைவிடப் பன்றிக்கே மதிப்பு மிகுதியாக இருந்திருக்கும்.

தையல் தொழிலைக் கற்றுக்கொண்டு பிழைப்பு நடத்திய அவர், ஓய்ந்த நேரங்களில் பந்தயங்களை நாடினார். டூரின் நகரில் பெண்கள் மிதிவண்டி ஓட்டுவது அந்நாளிலேயே ஓரளவு வழக்கத்தில் இருந்தது. அங்குச் சென்று, அக்காலத்தில் பெயர் பெற்றிருந்த ஜியுசெப்பீனா கரிஞானோவை வென்று தம் திறனை நிலைநாட்டினார். 1911ஆம் ஆண்டு மொன்கலியேரியில் ஒரு மணி நேரத்தில் 37.192 கிலோமீட்டர் ஓட்டினார். அச்சாதனையைப் பதிவு செய்து கொள்ள அந்நாளில் எந்த அமைப்பும் இல்லை. உலக மிதிவண்டிச் சங்கம் பெண்களுக்கான ஒரு மணி நேரச் சாதனையை முதன்முதலாக ஏற்றுப் பதிந்தது 1955ஆம் ஆண்டில்தான். சோவியத் நாட்டின் தமாரா நோவிகோவா அன்று ஓட்டிய தொலைவு 38.473 கிலோமீட்டர். 44 ஆண்டுகளுக்குப் பின், மேம்பட்ட வண்டியில், மேம்பட்ட பயிற்சியோடு கடந்த தொலைவு அது. உழவர் மகளின் பழைய தொலைவுக்கும் இதற்கும் இடைவெளி ஒன்றேகால் கிலோமீட்டர் அளவே என்பது எண்ணத்தக்கது.

ஸ்டிராடா என்னும் பெயர்

பந்தயமே வேண்டுமெனில் மணம் முடித்துக்கொண்டு வேறு வீடு போ என்பது பெற்றோரின் நிலை. 1915ஆம் ஆண்டு லூயிஜி ஸ்டிராடா என்னும் உலோகத் தொழிலாளியை அவர் மணந்தார். மணமகன் தந்த பரிசு ஒரு பந்தய மிதிவண்டி. இத்தாலிய மொழியில் ‘ஸ்டிராடா’ என்னும் சொல்லுக்குச் சாலை என்பது பொருள். கவிஞர் ஒருவர் கற்பனையால் அமைத்திருந்தால் மிகையெனத் தோன்றும் இப்பொருத்தத்தை வாழ்க்கையே அமைத்துக் கொடுத்தது. கணவரும் மனைவியும் மிலான் நகரில் குடியேறினர். கணவரே பயிற்சியாளராகவும் ஊக்குநராகவும் விளங்கினார்.

1917ஆம் ஆண்டு முதல் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் கபொரேட்டோ போர்க்களத்தில் இத்தாலியப் படை பெருந்தோல்வி கண்டது. அத்துயர் அடங்குமுன், நவம்பர் 4ஆம் நாள், லொம்பார்டிச் சுற்றுப் பந்தயம் நடைபெற்றது. ‘கஸெட்டா டெல்லோ ஸ்போர்ட்’ என்னும் விளையாட்டு நாளிதழே அதை நடத்தியது. அல்போன்சினா அவ்விதழின் அலுவலகத்துக்கு நேரே சென்று தம் பெயரைப் பதிந்துகொள்ளுமாறு கேட்டார். பந்தய விதிகளைப் புரட்டிப் பார்த்தனர். பெண்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று எவ்விடத்தும் எழுதப்படவில்லை. ஒரு பெண் வந்து கேட்பாள் என்று எவரும் எண்ணாததால், தடுக்கவும் எவரும் எண்ணவில்லை. அவ்விடைவெளியின் வழியே அவர் உள்ளே நுழைந்தார்.

பெல்ஜியத்தின் பிலிப் டைஸ் அப்பந்தயத்தில் வென்றார். அல்போன்சினா ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகப் பிந்தி, கடைசியாக வந்தார். ஆயினும் ஓட இயலாமல் இடையில் நின்றுவிட்ட ஆண்கள் பலர் அவருக்குப் பின்னால் இருந்தனர். மறு ஆண்டு மீண்டும் கலந்துகொண்டு, இம்முறை கடைசியர் ஒருவரை முந்திக் கொண்டு எல்லையைத் தொட்டார். வென்ற காயெதானோ பெல்லோனிக்கும் அவருக்கும் இடைவெளி அரை மணிக்கும் குறைவாகச் சுருங்கியது. ஓராண்டில் அவர் அடைந்த முன்னேற்றம் இதனால் விளங்கும்.

வீரர்கள் வராத பந்தயம்

இத்தாலியச் சுற்றுப் பந்தயம் 1909ஆம் ஆண்டு அதே நாளிதழால் தொடங்கப்பட்டது. நாளிதழின் விற்பனையைப் பெருக்கப் பந்தயம். பந்தயத்தின் புகழைப் பெருக்க நாளிதழ் என்னும் முறையில் இரண்டும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தன. 1924ஆம் ஆண்டு ஒரு சிக்கல் எழுந்தது. பெரிய வண்டித் தொழிற்சாலைகளின் குழுக்களும் அவற்றின் புகழ்பெற்ற வீரர்களும் கூடுதல் பணம் கேட்டனர். அமைப்பாளர்கள் மறுத்தனர். முந்திய ஆண்டு வென்ற கோஸ்தாந்தே ஜிரார்டெங்கோ முதலியோர் வரவில்லை. அவ்வாண்டே பிரெஞ்சுச் சுற்றுப் பந்தயத்தை வென்று, அதை வென்ற முதல் இத்தாலியர் என்னும் புகழைப் பெறவிருந்த ஒட்டாவியோ பொட்டெக்கியாவும் வரவில்லை.

குழுக்கள் வராததால் பந்தயம் தனியாள்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வண்டியும் துணிவும் உடையவர் வரலாம். தங்குமிடமும் உணவும் நாளிதழ் தரும் என்பது அறிவிப்பு. 600 கோழிகள், 750 கிலோ இறைச்சி, 4,800 வாழைப்பழங்கள், 720 முட்டைகள் என உணவுக் கணக்கே ஒரு செய்தியாயிற்று. ஆனால் மக்களை ஈர்க்கும் பெயர் ஒன்றும் பட்டியலில் இல்லை. அந்நிலையில் 33 வயது நிரம்பிய அல்போன்சினாவின் விண்ணப்பத்தை ஆசிரியர் எமிலியோ கொலோம்போவும் அமைப்பாளர் அர்மாண்டோ கூஞேவும் ஏற்றுக்கொண்டனர். அவருடைய ஆர்வத்தை மதித்த உள்ளமும், நாளிதழுக்குக் கிடைக்கவிருந்த பரபரப்பைக் கணக்கிட்ட மூளையும் அம்முடிவில் சேர்ந்தே இயங்கின எனலாம்.

அவருக்கு வழங்கப்பட்ட எண் 72. ஆனால் வெளியிடப்பட்ட பட்டியலில் பெயர் ‘அல்போன்சின் ஸ்டிராடா’ என்று இருந்தது. மற்றோர் இதழ் ‘அல்போன்சினோ’ என்று ஆண்பெயராகவே அச்சிட்டது. தவறாக நேர்ந்ததோ, எதிர்ப்புக்கு அஞ்சி வேண்டுமென்றே செய்ததோ, இரண்டில் எதுவாயினும் விளைவு ஒன்றே. இத்தாலிய மொழியில் பெண்பாற் பெயர்கள் பெரும்பாலும் ஆகார ஒலியில் முடியும். ஆண்பாற் பெயர்கள் ஓகார ஒலியில் முடியும். ஈற்று உயிரை நீக்கினால் பால் புலப்படாது. இதனைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்ப்பவர்க்கு மற்றொரு நயமும் தோன்றும். ‘னா’ என்னும் உயிர்மெய்யிலிருந்து உயிர் நீங்க, ‘ன்’ என்னும் மெய் மட்டும் எஞ்சுகிறது. அதுவோ நம் இலக்கணத்தில் ஆண்பால் ஒருமையை உணர்த்தும் ஈறு. உயிரை இழந்த பெயர் ஆணாகி நின்றது. பந்தயம் தொடங்கிய பின்னரே ‘அல்போன்சின்’ ஒரு பெண் என்பது நாடெங்கும் பரவியது.

3,613 கிலோமீட்டர்

மே 10ஆம் நாள் மிலானில் பந்தயம் தொடங்கியது. மொத்தம் 12 கட்டங்கள், 3,613 கிலோமீட்டர். ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 230 முதல் 415 கிலோமீட்டர் வரை நீண்டது. ஒரு கட்டத்திற்கும் அடுத்ததற்கும் இடையே ஓய்வு நாள் இருந்தது. தருமபுரியிலிருந்து சென்னை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அத்தொலைவை ஒரே மூச்சில் மிதித்து முடித்து, ஒருநாள் ஓய்ந்து, மீண்டும் அதே அளவு மிதிப்பதைப் பன்னிரு முறை செய்தல் வேண்டும் எனக் கொண்டால் அதன் கடுமை விளங்கும்.

சாலைகள் பெரும்பாலும் மண்ணும் சரளையும் பரவியவை. வெயிலில் புழுதி, மழையில் சேறு. ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் ஏற்ப மிதியின் கனத்தை மாற்றிக் கொள்ளும் பொறி அந்நாளைய பந்தய வண்டிகளில் இல்லை. வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபுறம் திருப்பி மாட்டுதல் வேண்டும். தொப்பூர்க் கணவாயில் மிதிவண்டியைத் தள்ளி ஏறியவர்க்கு அத்துன்பத்தின் சிறு பகுதி தெரியும். மாற்றுக் குழாய்களைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு, பஞ்சர் ஆனால் தாமே ஒட்டிக்கொண்டு ஓட வேண்டும். பெரிய குழுக்களின் துணையாள்கள் வாராத அவ்வாண்டில் இச்சுமை இன்னும் கூடியது.

மிலானிலிருந்து ஜெனோவா, அங்கிருந்து புளோரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ் என நகரம் நகரமாக அல்போன்சினா தொடர்ந்தார். முதலில் வந்தவர்க்கு மிகவும் பிந்தியே வந்தார். ஆனால் தமக்குப் பின்னால் ஆண்கள் பலரை விட்டு வந்தார். கரிய கால்சட்டையும் குட்டையாக வெட்டிய முடியும் கொண்ட அவரைக் காண ஊர்கள்தோறும் மக்கள் கூடினர். பூங்கொத்துகளும் பரிசுகளும் குவிந்தன. இரண்டே கட்டங்களில் இப்பெண்மணி பெற்ற புகழ், பந்தயத்துக்கு வாராத வீரர் அனைவரின் புகழையும் ஒருங்கே விஞ்சிவிட்டது என்ற கருத்துப்பட அந்நாளிதழே எழுதியது. ஏளனம் செய்தவர்களும் இருந்தனர். பெண்ணின் இடம் வீடே என்னும் கொள்கையுடைய முசோலினியின் ஆட்சி 1922 முதல் நடந்து கொண்டிருந்த நாடு அது.

எட்டாம் கட்டம்

ஏழாம் கட்டம் ஃபோஜாவிலிருந்து மலைநாட்டு நகரான லாகுவிலாவுக்கு 304 கிலோமீட்டர். எட்டாம் கட்டம் லாகுவிலாவிலிருந்து பெருஜாவுக்கு 296 கிலோமீட்டர். அன்று கடுங்காற்றும் பெருமழையும் மலைச்சாலையைச் சேற்றுக் குழியாக்கின. அல்போன்சினா பலமுறை வழுக்கி விழுந்தார். ஒரு வீழ்ச்சியில் வண்டியின் கைப்பிடி முறிந்தது. கைப்பிடியற்ற வண்டியைக் கொண்டு மலை இறங்குதல் இயலாது. உழவர் வீட்டுப் பெண்ணொருத்தி தன் துடைப்பத்தின் கம்பை முறித்துத் தந்தாள் என்றும், அதனை முறிந்த கைப்பிடிக்கு மாற்றாகக் கட்டிக்கொண்டு அவர் எஞ்சிய தொலைவைக் கடந்தார் என்றும் கூறுவர்.

அவர் பெருஜாவை அடைந்தபோது குறித்த காலவெல்லை கடந்துவிட்டது. நடுவர்கள் கூடி வாதிட்டனர். விபத்தைக் கருதிச் சலுகை காட்ட வேண்டும் என்றனர் சிலர். விதி விதியே என்றனர் பிறர். விதியே வென்றது. தகுதிப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. விதிகளின் நோக்கில் இதனைப் பிழையென்று சொல்ல இயலாது. அதே எல்லையைத் தவறவிட்ட ஆண்களும் நீக்கப்பட்டனர்.

இதன் பின் நிகழ்ந்ததே வரலாற்றில் அவரை நிலைநிறுத்தியது. பரிசுக்கோ தரவரிசைக்கோ உரிமையின்றி, எஞ்சிய நான்கு கட்டங்களையும் ஓடி முடிக்க அவர் விரும்பினார். ஆசிரியர் கொலோம்போ இசைந்தார். தங்கும் செலவைத் தாம் ஏற்றுக்கொண்டார். பெருஜாவிலிருந்து பொலோனா, அங்கிருந்து ஃபியூமே வரை 415 கிலோமீட்டர். அவ்வாண்டுதான் இத்தாலியோடு இணைக்கப்பட்டிருந்த அந்நகரம் இன்று ரியேகா என்னும் பெயரோடு குரோவேஷியாவில் உள்ளது. பந்தயத்தின் மிக நீண்ட கட்டமான அதனை முடித்து, நோவும் களைப்பும் கண்ணீருமாக அவர் வந்து சேர்ந்தபோது, காத்திருந்த மக்கள் அவரை வண்டியிலிருந்து தூக்கிக் கொண்டாடினர்.

ஜூன் 1ஆம் நாள் பந்தயம் மிலானில் நிறைவுற்றது. வெற்றி பெற்றவர் ஜியுசெப்பே என்ரிச்சி. புறப்பட்ட 90 பேரில் தகுதிப் பட்டியலில் இறுதிவரை நின்றவர் 30 பேர். அப்பட்டியலில் அல்போன்சினாவின் பெயர் இல்லை. ஆனால் அந்த முப்பதின்மர் கடந்த அதே சாலையில், அதே 3,613 கிலோமீட்டரையும் அவர் கடந்து வந்திருந்தார். பொதுமக்கள் மனமுவந்து திரட்டி அளித்த தொகை 50,000 லிரா என்பர். பட்டியல் மறுத்ததை மக்கள் அளித்தனர். மனநோயுற்றிருந்த கணவரைப் பேணும் பொறுப்பைத் தாங்கியிருந்த அவருக்கு அத்தொகை பேருதவியாயிற்று.

அதே ஆண்டில் நம் சாலைகள்

1924ஆம் ஆண்டை இந்நாட்டு வரலாற்றோடு இணைத்து நோக்குதல் பயனுடையது. அல்போன்சினா இத்தாலியச் சாலைகளில் மிதித்துச் சென்ற அதே மே மாதத்தில், வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக அறப்போர் நடந்து கொண்டிருந்தது. அவ்வாண்டு மார்ச் 30ஆம் நாள் தொடங்கிய அப்போரில் ஈ.வெ.ராமசாமி சிறை சென்றார். நாகம்மையாரும் பெண்களோடு களத்தில் நின்றார். தருமபுரிக்கு அண்மையில், பாப்பாரப்பட்டியில், சுப்பிரமணிய சிவா தம் இறுதிக் காலத்தைக் கழித்துக் கொண்டிருந்தார். தொழுநோயுற்ற அவர் தொடர்வண்டியில் செல்லலாகாது எனத் தடுக்கப்பட்டபோது, ஊர் ஊராக நடந்தே நாட்டுப் பணி ஆற்றினார். 1925 ஜூலை 23ஆம் நாள் அங்கேயே மறைந்தார்.

இம்மூன்றும் ஒன்றல்ல. சாதிக் கொடுமையையும் நோயாளர் மீதான தடையையும் ஒரு விளையாட்டுப் பந்தயத்தின் விதியோடு ஒருதட்டில் வைத்தல் பொருந்தாது. ஆனால் மூன்றிலும் பொதுவாகிய வினா ஒன்று உண்டு. எல்லாருக்கும் எனப் போடப்பட்ட சாலை, எவருடைய உடலுக்குத் திறந்துள்ளது, எவருடைய உடலுக்கு மூடியுள்ளது என்பதே அவ்வினா.

பிற்காலமும் புகழும்

அடுத்த ஆண்டு முன்னணி வீரர்கள் திரும்பி வந்தனர். பரபரப்புக்கு வேறு பெயர் தேவைப்படவில்லை. அல்போன்சினாவுக்கு மீண்டும் அப்பந்தயத்தில் இடம் தரப்படவில்லை. தேவை இருந்தபோது திறந்த கதவு, தேவை தீர்ந்தபின் மூடிக்கொண்டது. ஆயினும் அவர் மிதிவண்டியை விடவில்லை. இத்தாலியிலும் பிற நாடுகளிலும் காட்சிப் பந்தயங்களில் ஓட்டினார். மேடைகளில் உருளைகள்மீது மிதிவண்டி ஓட்டிக் காட்டியும் பொருள் ஈட்டினார். ஆண்களை எதிர்த்து 36 பந்தயங்களில் வென்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கணக்கிடுவர்.

முதற் கணவர் இறந்தபின், 1950ஆம் ஆண்டு, முன்னாள் மிதிவண்டி வீரர் கார்லோ மெசோரியை மணந்தார். இருவரும் மிலானில் மிதிவண்டிக் கடையும் பழுது நீக்கும் பட்டறையும் நடத்தினர். 1957இல் மெசோரி மறைந்த பின்னும் கடையைத் தனியே தொடர்ந்தார். முதுமையில் கடைக்குச் சென்று வரத் தம்மிடமிருந்த பதக்கங்களுள் சிலவற்றை விற்று மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார் என்பது செய்தி. 1959 செப்டம்பர் 13ஆம் நாள் வரேசே பகுதியில் நடந்த மிதிவண்டிப் பந்தயத்தைக் காண அதிலேயே சென்று வந்தார். அன்று மாலை வீட்டருகே வண்டியைக் கிளப்ப முயன்றபோது நெஞ்சடைப்பு நேர்ந்து உயிர் நீத்தார். அகவை 68.

மறைவுக்குப் பின் அவர் பெயர் சில காலம் மங்கியது. பெண்களுக்கான உலகச் சாலைப் பந்தயம் 1958இல் தொடங்கியிருந்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் சாலைப் பந்தயம் 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முதன்முதலாக இடம்பெற்றது. பெண்களுக்கான இத்தாலியச் சுற்றுப் பந்தயம் 1988இல் தொடங்கியது. அதனை வென்றவர் இத்தாலியரான மரியா கானின்ஸ். பெண்களின் பந்தயங்கள் வளர வளர, அவற்றுக்கு ஒரு முன்னோரைத் தேடும் முயற்சியும் வளர்ந்தது. 2004ஆம் ஆண்டு பாவ்லோ ஃபாக்கினெட்டி அவர் வாழ்க்கையை விரிவான நூலாக எழுதினார். நாடகமும் பாட்டும் பிறந்தன. மிதிவண்டியாளரின் காவல் அன்னையாக இத்தாலியர் போற்றும் கிசால்லோ மாதா கோயிலில், உலகப் புகழ் பெற்ற வீரர்களின் வண்டிகளோடு அவருடைய வண்டியும் வைக்கப்பட்டது. 1924இன் வெற்றியாளர் என்ரிச்சியின் பெயரை இன்று பதிவேட்டைப் புரட்டுவோரே அறிவர். பட்டியலில் இடம்பெறாத அல்போன்சினாவின் பெயரைப் பள்ளிச் சிறுமியரும் அறிவர்.

தமிழ் மண்ணில் ஒரு தொடர்ச்சி

தமிழகத்தில் மிதிவண்டிப் பந்தயத்தைத் தொழிலாகக் கொண்டு புகழீட்டிய பெண் ஒருவரைச் சுட்டுதல் அரிது. ஆனால் அல்போன்சினாவின் உண்மையான தொடர்ச்சி பந்தயத் திடலில் இல்லை. 1991ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அந்நாளைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். கூலிப் பெண்களும் கல் குவாரித் தொழிலாளரும் ஊர்ச் செவிலியரும் பயின்றனர். 1992 மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டியில் ஊர்வலமாக வந்தபோது புதுக்கோட்டை நகரமே வியந்து நின்றது. அவ்வியக்கத்தின் வழி மிதிவண்டி கற்ற பெண்கள் ஓரிலக்கத்துக்கும் மேற்பட்டவர் என்று இதழாளர் சாய்நாத் எழுதினார். பெண்களுக்கான வண்டிகள் கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே அவர்கள் எடுத்துக்கொண்டனர். முன்னுள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பதால் அதனையே விரும்பியவர்களும் உண்டு. விதியில் இருந்த இடைவெளியை அல்போன்சினா தமதாக்கிக் கொண்டதுபோல், வண்டியில் இருந்த குறுக்குக் கம்பியை இவர்கள் தமதாக்கிக் கொண்டனர்.

2001ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கென விலையில்லா மிதிவண்டித் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. பின்னர் அது அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர் அனைவர்க்கும் விரிந்தது. அரூர், பென்னாகரம், பாலக்கோடு வட்டங்களின் சிற்றூர்களில், ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள மேனிலைப் பள்ளி ஒரு பெண்ணுக்கு எட்டுமா எட்டாதா என்பதை முடிவு செய்வது பல வேளைகளில் ஒரு வண்டியே. வயது வந்த பெண்ணைத் தனியே அனுப்பத் தயங்கும் வீட்டில், கூட்டமாக மிதித்துச் செல்லும் தோழியரே துணையாயினர். அங்குப் பரிசில்லை; காலவெல்லை மட்டும் உண்டு. அது பள்ளி மணி.

நிறைவாக

அல்போன்சினாவைப் பெருவீரர் வரிசையில் வைத்தல் மிகையாகலாம். அவர் சுற்றுப் பந்தயத்தை வெல்லவில்லை. வெல்லும் நிலையிலும் இருந்ததில்லை. லொம்பார்டியில் கடைசியராகவும், அடுத்து கடைசிக்கு முந்தியவராகவும் வந்தார். 1924இல் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார். வெற்றியையே அளவுகோலாகக் கொள்ளும் வரலாறு அவரை எழுத வேண்டிய தேவை இல்லை. ஆனால் ஃபியூமே நகரத்து மக்கள் வெற்றியாளர் எவர் என்பது தெரிந்த பின்னரும் காத்து நின்றனர். அவர்கள் காத்திருந்தது, நீக்கப்பட்ட பின்னும் முடித்தே தீருவேன் என்று வந்த ஒருவருக்காக. புகழ் என்பது தரவரிசையின் நிழல் அன்று என்பதை அக்கூட்டம் உணர்ந்திருந்தது.

பதிவேடு எழுதுவோர் கையில் பெயர் சிதையலாம்; மக்கள் நாவில் அது பிழைத்திருக்கும். ஆயினும் நாவில் பிழைத்திருப்பதை மீண்டும் ஏட்டில் ஏற்றுவதற்கு எவரேனும் ஒருவர் வேண்டும். இத்தாலியில் அப்பணி நிறைவேற எண்பது ஆண்டுகள் ஆயின. தகடூர்ப் பகுதியில் தெருக்கூத்துக்குப் பாட்டுக் கட்டியவர், நாற்று நடவில் பாடியவர், ஒப்பாரியில் ஓர் ஊரின் வரலாற்றையே அடக்கியவர் எனப் பெயர் பதியப்படாத பெண்கள் எத்துணையோ பேர். மொழியைப் பேணுவதற்கெனக் கூடிப் பத்தாண்டுகள் நிறைவு செய்யும் இலக்கிய அமைப்பு ஒன்றுக்கு, கவிதை அரங்குகளோடு இப்பெயர்களைத் தேடித் தொகுப்பதும் உரிய பணியாகும். அவ்வாறு தொகுக்கும்போது பெயரின் ஈற்றெழுத்தையும் விடாது எழுதுதல் வேண்டும். மெய் எத்துணை வலிமையுடையதாயினும், உயிர் சேர்ந்தபோதுதான் அது ஒருவரை அழைக்கும் பெயராகிறது.